வேலூர் வட்டாரத்து மண் பாதைகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டின் வடபகுதி, அதாவது 2019-ல் பிரிந்த இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள், இந்தப் பக்கத்தின் எல்லை. தார் ரோட்டில் ஓட்டிப் பழகி, மண் பாதைக்கு இறங்க நினைப்பவர்களுக்காக எழுதியது.

கிராவல் ரைடிங் (தார் இல்லாத மண், சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது) என்கிறார்களே, நம் பக்கம் அதற்கு ஏற்ற பாதை இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. ஆனால் சைக்கிளுக்கென்று யாரும் போட்டதல்ல. தண்ணீருக்காகவும் மாட்டு வண்டிக்காகவும் போட்டவை: ஏரிக்கரை, வாய்க்கால் கரை, கழனிக்கும் கொல்லைக்கும் போகிற வண்டிப்பாதை, இன்னும் தார் பார்க்காத ஊராட்சிச் சாலை. அதனால் இங்கே வழி போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஏரியை. ஓர் ஏரியின் கரையில் ஏறினால் அதன் வரத்துக் கால்வாயும் உபரிக் கால்வாயும் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோய் விடும். சங்கிலித் தொடராக ஏரி வெட்டிய ஊர்களில் நெடுஞ்சாலையைத் தொடாமலே 30, 40 கி.மீ. போகலாம்.

தரை நான்கு விதம். செம்மண் தடம் காய்ந்திருந்தால் தார் ரோட்டுக்கு அடுத்தபடி வேகமானது. கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிய பாதை முதல் மழை வரை அருமை. அதற்குப் பிறகு குறுக்கே வரிவரியாக மேடு விழும். மூன்றாவது கப்பி ரோடு, தார் போடுவதற்கு முன் பரப்பி வைத்த பெரிய ஜல்லி. அடுக்கைப் பொறுத்து 63 மி.மீ. வரை கல் இருக்கும், உடைத்த முனை கத்திமாதிரி நிற்கும். டயரின் பக்கச் சுவர் கிழிவது பெரும்பாலும் இதில்தான். நான்காவது ஏரி உள்வாயின் களி. ஈரமாக இருக்கும்போது அதில் இறங்கவே இறங்காதீர்கள்.

வழியை எப்படிப் போடுவது? மேப்பை நம்பலாமா?

பாதி நம்பலாம். செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்கரை வளைந்த கோடாகத் தெளிவாகத் தெரியும். தெரியாதது கலங்கல். கரையின் ஓரத்தில் உபரி நீர் வழிய விட்ட இடம் அது. அங்கே கரைப் பாதை அறுந்துபோகும். கோடை முழுக்க நடந்து தாண்டலாம், ஏரி கோடி போகிற மாதங்களில் முடியாது. மேப்பில் ஆற்றைக் குறுக்கே வெட்டும் கோடும் அப்படித்தான். அது மேம்பாலமா, தரைப்பாலமா, வெறும் வண்டித் தடமா என்று படம் சொல்லாது. மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். இழுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பாலத்தின் விளிம்பு அரித்துப் போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பாதை பொதுவா, பட்டா நிலமா என்று தெரிய, அரசின் இணையவழி நில ஆவணங்களில் புல வரைபடம் பார்க்கலாம். வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் பொது வழி. வரப்பு எப்போதும் தனியார் சொத்து. அதன்மேல் சைக்கிளை உருட்டக்கூட வேண்டாம்; ஈர வரப்பில் விழும் டயர் தடம் வழியாகவே தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும்.

ஊரில் விசாரிக்கும்போது கேள்வி முக்கியம். "இந்தத் தடம் போவுமா?" என்றால் "போவும் போவும்" என்றுதான் பதில் வரும். சொல்பவர் நடந்து போவதை நினைத்துச் சொல்கிறார். "அண்ணா, இதுல எக்ஸெல் வண்டி போவுமா?" என்று கேளுங்கள். டி.வி.எஸ். எக்ஸெல் போகிற பாதையில் 40 மி.மீ. டயர் போட்ட சைக்கிள் போகும். டிராக்டர் மட்டும்தான் போகும் என்றால் உழுத சேற்றுத் தடம் என்று பொருள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு எந்த வழி?

வாலாஜாபேட்டை அணைக்கட்டில் இருந்து காவேரிப்பாக்கம் ஏரி. ஏற்றமே இல்லை, வழி தவறினாலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கும்.

பாலாற்றின் குறுக்கே 1858-ல் கட்டிய அணைக்கட்டு இது. இங்கிருந்து பிரியும் கால்வாய்கள் வடக்கே காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்கும், ஆற்றுக்குத் தெற்கே தூசி ஏரிக்கும் தண்ணீர் கொண்டு போகின்றன. நீங்கள் பிடிக்க வேண்டியது வடகரைக் கால்வாயை. சில இடங்களில் கரை அகலமாக, ஜீப் போகிற அளவு இருக்கும். சில இடங்களில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் மூடி, தோள் உரசும். அங்கே கரையை விட்டு இறங்கி, பக்கத்து ஊர்த் தெரு வழியாகச் சுற்றி, அடுத்த மதகில் திரும்ப ஏறிக்கொள்ளுங்கள். முள்ளுக்குள் 200 மீட்டர் சாதித்துக் காட்டுவதற்கு அடுத்த ஒரு மணி நேரம் பஞ்சர் ஒட்ட வேண்டி வரும்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை சுமார் 8 கி.மீ. நீளம். வட ஆற்காட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. பல்லவர் காலத்து வெட்டு. கரைமேல் ஓட்டும்போது ஒரு பக்கம் நீர், மறு பக்கம் கீழே கழனி. காற்று எதிராக இருந்தால் ஒதுங்க இடமே கிடையாது, அதனால் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று அமைத்துக்கொள்வது நல்லது. மதகுகளின் அருகே கரை சட்டென்று குறுகும், கான்கிரீட் விளிம்பு உயர்ந்து நிற்கும். வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வாலாஜாவில் தொடங்கிப் போய்த் திரும்ப ஏறக்குறைய 50 கி.மீ.; மண்ணில் மணிக்கு 13 முதல் 15 கி.மீ. என்று கணக்கு வையுங்கள்.

தெம்பு இருந்தால் அப்படியே மகேந்திரவாடி. முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து எடுத்த விஷ்ணு கோயில் அங்கே இருக்கிறது. மகேந்திர தடாகம் என்ற ஏரியின் கரையில் இதைக் குடைந்ததாக அதிலுள்ள கல்வெட்டே சொல்கிறது. திரும்ப மனமில்லை என்றால் மகேந்திரவாடியில் ரயில் நிலையமும் உண்டு. ஆனால் சைக்கிளை ஏற்ற முடியுமா என்பதை அந்த ரயிலைப் பொறுத்து முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு அடுத்து?

பொன்னையாற்றை ஒட்டித் திருவலம், மேல்பாடி, வள்ளிமலை. கரும்பும் நெல்லும் தென்னையும் மாறிமாறி வரும், ஆற்றோரத் தடங்கள் மணல் கலந்தவை. மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில். வள்ளிமலையில் சமணர் குகைச் சிற்பங்களும் முருகன் கோயிலும். வேலூரில் இருந்து வள்ளிமலை நேர்வழியில் சுமார் 25 கி.மீ., ஆற்றோரமாகச் சுற்றினால் கூடும். ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களில் வேண்டாம், வள்ளிமலைச் சாலை முழுக்க வண்டிகள். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களைக் கவனியுங்கள். டிரெய்லர் அகலத்தைத் தாண்டிக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் நெருங்காதீர்கள், முந்தவும் வேண்டாம். நின்று வழி விடுங்கள்.

இன்னொன்று அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம். (மேலே சொன்ன பாலாற்று அணைக்கட்டு வேறு, இது ஊர்ப்பெயர்.) உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி ஜவ்வாது மலை அடிவாரம் வரை செம்மண் தடங்கள் போகும். மெதுவான ஏற்றம், போகும்போது தெரியாது, திரும்பும்போது பெடல் மிதிக்காமலே வண்டி உருளும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்தரிக்காய் விளையும் இலவம்பாடி இந்தப் பக்கம்தான். காய் வாங்கினால் துணிப்பையில் போட்டுக் கட்டுங்கள், காம்பு முள் பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிடும்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே மிக அழகான பாதைகள் உண்டு. ஆனால் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் கௌண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானைகள் தோப்புகளுக்கு இறங்கி வரும். மோர்தானா பக்கத்துத் தடங்களில் காலை 7 மணிக்கு முன்னும் மாலை 5-க்குப் பின்னும் ஓட்ட வேண்டாம். முதல்நாள் இரவு யானை வந்ததா என்று முதல் டீக்கடையிலேயே தெரிந்துவிடும்.

ஜவ்வாது மலை, ஏலகிரி மேல் மண் பாதையில் ஏறலாமா?

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார்தான். ஜவ்வாதில் ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையும் தார். கிளைகளில் மண் தடங்கள் கண்ணை இழுக்கும். அவற்றில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சந்தன மரம் இருந்த காடு என்பதால் கண்காணிப்பும் அதிகம். பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீக் காலம், அப்போது கேட்கவே வேண்டாம். மலை ஊர்களுக்கு இடையே ஊராட்சி போட்ட பாதைகளில் ஓட்டலாம். அதற்குக் கியர் போதுமா என்பதுதான் கேள்வி: முன் பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும் சம அளவாவது இருக்க வேண்டும். 40-க்கு 32 வைத்துக்கொண்டு செம்மண் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் சுழலும், வண்டி நகராது.

பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது, ஆற்றுக்குள்ளேயே ஓட்டினால்?

ஓட்ட முடியாது. மணலில் 50 மி.மீ. டயரே புதையும். அதைவிட, மணல் அள்ளிய பள்ளங்கள். மழைக்குப் பின் அவற்றில் நீர் நின்று, மேலே படிந்த வண்டல் தரை போலத் தெரியும். குறுக்கே கடக்க வேண்டும் என்றால் ஊர்க்காரர் நடக்கும் தடத்திலேயே தள்ளிக்கொண்டு போங்கள்.

எந்த சைக்கிள் வேண்டும்? கிராவல் பைக்தான் வாங்கணுமா?

வேண்டாம். 35 மி.மீ. டயர் நுழையும் எந்த ஹைப்ரிட் சைக்கிளும் போதும். 38 முதல் 45 மி.மீ. இந்த மண்ணுக்குச் சரியான அளவு. டயருக்கும் பிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் களி அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். முன் சஸ்பென்ஷன் உள்ள எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) கப்பி ரோட்டில் நன்றாக இருக்கும், மற்ற இடத்தில் வீண் எடை. நம் ஊர் 28 அங்குல ஜென்ட்ஸ் சைக்கிளில் இதே தடங்களில் தினமும் பால் கேனோடு போகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

காற்று எவ்வளவு?

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, 40 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. டியூப் போட்டிருந்தால் இரண்டிலும் 6 கூட்டுங்கள். கப்பி ரோடு அதிகம் வரும் நாளில் இன்னும் 3. குறைவாக வைத்தால் கல் ரிம்மில் இடித்து டியூபில் பாம்புக் கடி போல இரண்டு ஓட்டை விழும். அதிகமாக வைத்தால் செம்மண் குறுங்கல்லில் முன் சக்கரம் வழுக்கும். விடியற்காலை 25 டிகிரியில் அடித்த காற்று, வெயிலில் டயர் 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 3 பி.எஸ்.ஐ. தானாக ஏறும். கோடையில் அதையும் கழித்தே அடியுங்கள்.

முள்ளுக்கு என்ன செய்வது?

இந்த வட்டாரத்தில் ஓட்டுவதில் பாதி முள்ளைச் சமாளிப்பதுதான். இரண்டு எதிரிகள்.

நெருஞ்சி மழைக்குப் பின் பாதையோரம் படரும், மஞ்சள் பூ பூக்கும். முள் சின்னது, ஆனால் ஒரே தடவையில் பத்து ஏறும். டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) இருந்தால் நெருஞ்சியைப் பற்றிக் கவலையே வேண்டாம்: பிடுங்கி எறிந்து, ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தை நிறுத்தினால் அரை நிமிடத்தில் அடையும். டியூப் வைத்திருப்பவர்கள் முள்ளைப் பிடுங்காமல் பக்கத்து ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம். பிடுங்கியதும் காற்று இறங்கும்.

சீமைக்கருவேலம் வேறு ரகம். முள் நீளமானது, காய்ந்தால் ஆணி. டயரைத் தாண்டி, டியூபின் இரண்டு சுவரையும் துளைத்துவிடும். ஒரு ஓட்டையை ஒட்டிவிட்டு மாட்டினால் மற்றது மெதுவாக இறங்கும், அதனால் டியூபை ஊதி ஒரு முழுச் சுற்று பார்த்த பிறகே ஒட்டுங்கள். முள்ளின் முனை முறிந்து டயருக்குள்ளேயே நிற்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ டயரின் உட்புறம் முழுக்க இழுங்கள், நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. வேலிக்காக வெட்டிப் போட்ட கிளை பாதையில் கிடந்தால் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சீலன்ட் அளவு: 40 மி.மீ. டயருக்கு 90 மி.லி., இந்த முள் நாட்டுக்கு 110 வரை போடலாம். வேலூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். மார்ச் முதல் ஜூன் வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். சீலன்ட் அடைக்காத ஓட்டைக்கு ரப்பர் திரி செருகும் பிளக் கிட் வேண்டும். இத்தனை இருந்தும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும். பக்கச் சுவர் கிழிந்தால் உள்ளே வைக்கத் தீர்ந்துபோன டூத்பேஸ்ட் டியூபின் ஒரு துண்டு போதும்.

கிராமத்துப் பஞ்சர் கடையில் வேலை ஆகுமா?

ஒட்டுவது ஆகும், டியூப் கிடைக்காது. கடையில் இருப்பது 28×1½ அளவு டியூப். ரப்பர் நீளும் என்பதால் 700சி (ஹைப்ரிட், கிராவல் சைக்கிள்களின் வழக்கமான சக்கர அளவு) டயருக்குள் எப்படியோ அடங்கும். ஆனால் அதன் வால்வுத் தண்டு தடிமன் 8 மி.மீ.; உங்கள் ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ. ஓட்டைதான் இருக்கும், நுழையாது. ரிம்மைத் துளை போட விடாதீர்கள். பிரெஸ்டாவை பைக் வால்வாக மாற்றும் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் எந்தக் கடையிலும் காற்று பிடிக்கலாம். கம்ப்ரசரில் அடிக்கும்போது ஒரு நொடி ஒரு நொடியாக அடிக்கச் சொல்லுங்கள், லாரிக்கு வைத்த அழுத்தம் அது.

எந்த மாதங்களில் ஓட்டலாம்? தண்ணீர் எவ்வளவு?

டிசம்பர் நடுவில் இருந்து பிப்ரவரி வரை சிறந்தது. ஏரியில் நீர் இருக்கும், கரை இறுகியிருக்கும். மார்ச்சில் 9 மணிக்குள் முடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில், கத்திரி வெயிலில் குறிப்பாக, 5 மணிக்குத் தொடங்கி 8.30-க்கு நிழலில் இருக்க வேண்டும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை பெரும்பாலும் மாலையில் இடியோடு வரும், காலை நேரம் நம் கையில். ஏரிக்கரைமேல் இருக்கும்போது இடி கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள், சுற்றுவட்டத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். தனித்த பனைமரத்தடியிலும் ஒதுங்கக்கூடாது.

தண்ணீர் குளிர்காலத்தில் மணிக்கு அரை லிட்டர், கோடையில் முக்கால் முதல் ஒரு லிட்டர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய அளவு. கேழ்வரகுக் கூழும் மோரும் விற்கும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பம்புசெட்டில் தலையை நனைக்கலாம், தொப்பியை முக்கலாம். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அதைக் குடிக்க வேண்டாம்: தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் கலந்த பகுதி, 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த விவகாரம்.

அறுவடைக் காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ரோட்டில் பரப்பிய கொள்ளு, கேழ்வரகு, உளுந்துக் கொடி. வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று போடுவார்கள். அதன்மேல் சைக்கிள் விடுவது இரண்டு விதத்தில் தப்பு. தானியம் உருண்டு டயர் வழுக்கும். கொடி பின் டீரெய்லரில் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்) சுற்றிக்கொள்ளும். கொடியோ கரும்புச் சோகையோ சிக்கியது தெரிந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று மிதித்தால் ஹேங்கர் (டீரெய்லரைப் பிரேமில் மாட்டும் சிறு உலோகத் துண்டு) வளையும், டீரெய்லர் ஆரக்காலுக்குள் போய்விடும். இறங்கி, பெடலைப் பின்பக்கம் சுற்றி, கையால் எடுங்கள். உங்கள் பிரேமுக்கு உரிய ஹேங்கர் ஒன்று பையில் இருந்தால் நல்லது. வேலூரிலும் சட்டென்று கிடைக்காத பொருள் அது. களத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) காயும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மரியாதை.

திருவிழா நாட்களில்?

பொங்கலில் இருந்து இரண்டு மூன்று மாதம் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும். காளை ஓடும் தெருதான் பல இடங்களில் உங்கள் வழியும். தட்டி கட்டியிருப்பதைப் பார்த்ததும் திரும்பிவிடுங்கள். ஓடிமுடித்த காளை நிற்காமல் ஊருக்கு வெளியே உள்ள வண்டிப்பாதையில்தான் வரும்.

நாய், பாம்பு, வேறு ஆபத்து?

நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும். கடித்தாலோ நகம் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது, காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வேலூர்ப் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அதிகம் பேசப்படாத ஆபத்து, சுற்றுச்சுவர் இல்லாத விவசாயக் கிணறு. பாதை திரும்பும் முனையில், தரைமட்டத்தில், புல் மூடிக் கிடக்கும். காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டத்துக்கு விரோதமாக இழுத்துவிடும் மின்கம்பியும் இருட்டில் தெரியாது. இந்த இரண்டுக்காகவே கொல்லைப் பாதைகளில் இரவு ஓட்டம் கூடாது.

வெளிநாட்டுப் படங்களில் வருவது போலத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இங்கே ஓட்ட முடியுமா?

வேலூர்ப் பக்கம் அதற்கு வழியில்லை. இங்கே மா, தென்னை, கரும்பு, மல்லாட்டை. தமிழ்நாட்டில் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே கொடியைத் தலைக்குமேல் பந்தலில் ஏற்றுவதால் பாதையில் இருந்து பார்த்தால் பச்சைக் கூரைதான் தெரியும். இங்கிருந்து கிட்டத்தில் என்றால் பெங்களூரு நீலத் திராட்சை விளையும் சிக்கபள்ளாபூர், நந்தி மலை அடிவாரம். எங்கே போனாலும் மருந்து அடிக்கும் நாளில் தோட்டத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். மாந்தோப்புக்கும் அது பொருந்தும், பூ எடுக்கும் மாதங்களில் இங்கேயும் மருந்து அடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

செம்மண் என்றால் காயவிட்டுத் தட்டினால் போதும். களி என்றால் காயும் முன் கழுவுங்கள். பிரஷர் வாஷரைச் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் நேராகக் காட்டினால் கிரீஸ் வெளியே போய் மணல் உள்ளே போகும். பக்கெட்டும் துணியும் போதும். செயினைத் துடைத்துவிட்டு, ஈர எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு வகை போடுங்கள். ஈர எண்ணெயில் பாலாற்று மணல் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பல்சக்கரத்தைத் தின்னும். கடைசியாக இரண்டு டயரையும் வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றி, ஏறியிருக்கும் முள்ளை இப்போதே பிடுங்குங்கள்; விட்டால் அடுத்த ஞாயிறு காலை 5 மணிக்குச் சைக்கிள் தட்டையாக நிற்கும்.